வீட்டு மார்க்கிங்கில் மூலைமட்டம் பார்ப்பது எப்படி: முதல் தடவை கட்டுகிறவர்களுக்கு

வீடு கட்டப் போகிறோம் என்றால் கம்பி என்ன விலை, எந்த சிமென்ட் நல்லது, எம்-சாண்டா ஆற்று மணலா என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறோம். மார்க்கிங், அதாவது தோண்டுவதற்கு முன் முளையும் நூலும் வைத்து வீட்டின் கோடுகளைத் தரையில் குறிப்பது, சரியாக இருக்கிறதா என்று பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை, அது மேஸ்திரி வேலை என்று விட்டுவிடுகிறோம். எங்கள் ஹால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்பது டைல்ஸ் ஒட்ட ஆள் வந்த அன்றுதான் தெரிந்தது. சுவரோரம் ஒரு முனையில் முழு டைல், அதே வரிசையின் மறுமுனையில் பாதி. அதற்குப் பிறகு பொறியாளர், மேஸ்திரி, டைல்ஸ்காரர் என்று ஒவ்வொருவரிடமும் அலைந்து கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். தோண்டுவதற்கு முன்னால் ஒரு டேப்பும் கூட ஒரு ஆளும் இருந்தால் போதும், அரைமணி நேர வேலை.

30க்கு 30 சதுர வீட்டை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். செவ்வகத்துக்கும் பெரும்பாலும் இதேதான், எங்கே மாறுமோ அங்கே சொல்கிறேன்.

1. நாலு பக்கமும் சமமாக இருந்தால் மட்டும் சதுரம் ஆகிவிடாது

இந்த ஒன்று மனதில் நின்றால் மீதி எல்லாம் தானாக வரும். நாலு பக்கமும் சரியாக 30 அடி இருந்தும் உருவம் சாய்ந்து நிற்கலாம், பள்ளிக்கூடத்தில் படித்த சாய்சதுரம் அதுதான். மேஸ்திரி உங்கள் கண் முன்னால் நாலு பக்கமும் டேப் போட்டு "பாருங்க சார், முப்பது, முப்பது, முப்பது, முப்பது" என்று காட்டுவார். அவர் காட்டியது உண்மைதான், ஆனால் மூலை 90 டிகிரியா என்பதற்கு அதில் பதில் இல்லை.

அதைச் சொல்வது மூலைவிட்டம், சைட்டில் டயக்னல் என்பார்கள். சதுரத்தில் இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவாக இருக்கும். ஆனால் மூலைவிட்டம் சமமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்தும் சதுரம் என்று சொல்லிவிட முடியாது. செவ்வகத்திலும் சமம்தான், முன்பக்கம் 30, பின்பக்கம் 29 என்று இரண்டு ஓரமும் ஒரே மாதிரி குறுகும் சரிவகத்திலும் சமம்தான். நாலு பக்கமும் சமம், இரண்டு மூலைவிட்டமும் சமம், இரண்டும் சேர்ந்து வந்தால் சதுரம். அதற்கு மேல் கோணமானி எதுவும் வேண்டாம்.

மூலை ஒரே ஒரு டிகிரி தப்பினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். 30 அடி தள்ளி இருக்கும் பின்சுவர் பக்கவாட்டில் ஆறேகால் இன்ச் நகர்ந்துவிடும். மூலைவிட்டங்களுக்குள் கிட்டத்தட்ட 9 இன்ச் வித்தியாசம் வரும். ஒரு டிகிரி கண்ணுக்குத் தெரியவே தெரியாது, 9 இன்ச்சை டேப் மறைக்காது.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

பத்திரம், பட்டா, புலப்படம் (சர்வே எண்ணுக்கான அளவுப் படம், எஃப்எம்பி என்பார்கள்), அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு என்றால் அந்த லேஅவுட் வரைபடம், கட்டட அனுமதி வரைபடம். பட்டாவையும் புலப்படத்தையும் தமிழ்நாடு அரசின் இணையச் சேவைத் தளத்தில் காசில்லாமல் பார்த்து இறக்கிக்கொள்ளலாம். உட்பிரிவு ஆகாத மனையாக இருந்தால் முழு சர்வே எண்ணுக்கான படம்தான் வரும், அதை வைத்துக்கொண்டு உங்கள் மனையின் எல்லையைத் தேடாதீர்கள். அச்செடுத்த படத்தின் மேல் ஸ்கேல் வைத்தும் அளக்காதீர்கள், அச்சில் அளவு சுருங்கியிருக்கும், அதில் எழுதியிருக்கும் எண்தான் கணக்கு.

பத்திரத்தில் உள்ள சிக்கல் வேறு. கிழமேல் வடபுறம் 30, தென்புறம் 30, தென்வடல் கீழ்புறம் 30, மேல்புறம் 30, ஆக 900 சதுர அடி என்று எழுதியிருப்பார்கள். மேலே சொன்ன அதே கதை. மூலை 75 டிகிரியாகச் சாய்ந்த மனையிலும் நாலு பக்கமும் 30 தான் இருக்கும், ஆனால் பரப்பு 869 சதுர அடிக்கு இறங்கிவிடும். 31 சதுர அடிக்குக் காசு கொடுத்திருப்பீர்கள். அதனால் மனையைப் பார்க்கப் போகும்போதே இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்துவிடுங்கள். நாலு பக்கமும் சமமான மனைக்கு இரண்டு மூலைவிட்டத்தையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் பரப்பு வந்துவிடும். மேலே சொன்ன மனையில் 36 அடி 6¼ இன்ச், 47 அடி 7¼ இன்ச் என்று வரும், பெருக்கிப் பாருங்கள்.

அலகு மாற்றும்போதும் கவனம். புலப்படம் மீட்டரில், பட்டா ஹெக்டேர் ஏரில், பத்திரம் அடியிலோ சென்ட்டிலோ இருக்கும். 1 மீட்டர் 3.28 அடி, 1 ஏர் 100 சதுர மீட்டர், 1 சென்ட் 435.6 சதுர அடி. ஒரு சென்ட் சதுரமாக இருந்தால் பக்கம் சுமார் 20 அடி 10½ இன்ச், ஐந்து சென்ட் என்றால் 46 அடி 8 இன்ச். ஐந்து சென்ட்டுக்கு பக்கம் ஐந்து மடங்கு ஆகாது என்பதைக் கவனியுங்கள். பரப்பு நாலு மடங்கானால்தான் பக்கம் இரண்டு மடங்கு ஆகும்.

எல்லைக்கல் காணவில்லை என்றால் முதலில் நில அளவைக்கு விண்ணப்பம் போடுங்கள். சர்வேயர் வர வாரக்கணக்கில் ஆகலாம். பூஜைக்கு நாள் குறித்துவிட்டு இதைத் தொடங்கினால் கடைசியில் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டையே எல்லையாக நம்பி இறங்க வேண்டி வரும்.

இன்னொன்று, பொறியாளரிடம் சென்டர் லைன் வரைபடம் (சுவர்களின் நடுக்கோட்டைக் காட்டுவது) தனியாகக் கேட்டு வாங்குங்கள், அதில் மூலைவிட்ட அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வரைபடத்துக்குக் கூலி பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசிவிட்டால் பின்னால் தனியாகக் கேட்க மாட்டார்கள்.

3. சாமான்

30 மீட்டர் டேப், முடிந்தால் ஸ்டீல். துணி, ஃபைபர் டேப் இழுத்தால் நீளும், ஒருவர் இழுக்கும் இழுப்பு இன்னொருவருக்கு வராது. நைலான் நூல், முளைக்குச்சி, இரண்டு இன்ச் ஆணி, சுத்தியல், டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப்), தூக்குகுண்டு, சுண்ணாம்புப் பொடி. டேப்பைத் தவிர மற்றதெல்லாம் மேஸ்திரியிடமே இருக்கும். டேப் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும், வீடு முடியும் வரை அந்த ஒரே டேப்தான்.

கொத்தனார் கையில் இரும்பு மூலைமட்டம் ஒன்று இருக்கும். செங்கல் வரிசைக்கும் பூச்சு முனைக்கும் அது போதும். இரண்டு அடி நீளம் உள்ள சாமானை வைத்து 30 அடிக்கு மூலை பிடித்தால் கொஞ்சம் பிசகுவதும் கடைசியில் பதினைந்து மடங்காகிவிடும்.

4. எந்தக் கோட்டிலிருந்து தொடங்குவது

மனை சதுரமாக இல்லை என்பதற்காக வீடும் கோணலாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான மனை ஏதாவது ஒரு பக்கம் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒரே ஒரு பக்கத்தை, வழக்கமாக ரோட்டுப் பக்கத்தை, அடிக்கோடாக எடுத்துக்கொண்டு அதற்கு இணையாக வீட்டின் முன்கோட்டைப் போடுங்கள். மற்ற மூன்று பக்கமும் அந்தக் கோட்டிலிருந்துதான் வர வேண்டும். பக்கச் சுவருக்குப் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டைப் பார்த்து நூல் கட்டினால் அவர்கள் கோணல் உங்கள் வீட்டுக்குள் வந்துவிடும். வீட்டைச் சுற்றி விட வேண்டிய இடத்தை மனை எந்த இடத்தில் குறுகலோ அங்கே அளந்து பாருங்கள்.

அளவு வெளிச்சுவரிலா சென்டர் லைனிலா என்பதையும் முதலிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். 9 இன்ச் சுவர் என்றால் வெளி அளவு 30 அடி, சென்டர் 29 அடி 3 இன்ச், உள் அளவு 28 அடி 6 இன்ச். பக்கத்தை சென்டரில் அளந்துவிட்டு மூலைவிட்டத்தை வெளிமுனையில் அளந்தால் எந்தக் காலத்திலும் கணக்கு ஒத்துவராது.

5. முதல் மூலை: 3-4-5

முன்கோட்டில் மூலை முளையிலிருந்து 3 அடி, அதற்குக் குறுக்கே 4 அடி, இரண்டு முனைக்கும் நடுவே 5 அடி வந்தால் அந்த மூலை 90 டிகிரி. எல்லா மேஸ்திரிக்கும் இது தெரியும். எந்த அளவில் செய்கிறார் என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். 4 அடி தூரத்தில் அரை இன்ச் பிசகினால் 30 அடியில் அது 3¾ இன்ச் ஆகிவிடும். அதையே 9-12-15 என்று மும்மடங்காக வைத்துச் செய்தால் அதே அரை இன்ச் பிசகு ஒன்றேகால் இன்ச்சோடு நின்றுவிடும். இடம் இருக்கிற வரை பெரிய முக்கோணமாகப் போடச் சொல்லுங்கள்.

டேப்பில் பூஜ்யம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில டேப்பில் வளையத்தின் வெளி ஓரம்தான் பூஜ்யம், சிலதில் கோடு கொஞ்சம் தள்ளி இருக்கும். வளையம் தேய்ந்திருக்கிறது என்று ஒரு அடி விட்டு அளக்கிற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. ஒரு முனையில் இருப்பவர் ஒரு அடி விட்டதை மறுமுனையில் இருப்பவர் கழிக்க மறப்பதும் அதே அளவு சகஜம்.

6. மீதி மூன்று முளையும் மூலைவிட்டமும்

முதல் மூலை கிடைத்ததும் பக்கங்களை அளந்து மீதி முளைகளை அடித்து, முளைத் தலையில் ஆணி வைத்து, ஆணிக்கு ஆணி மூலைவிட்டம் அளக்க வேண்டும். முளையின் ஓரத்துக்கு அளக்காதீர்கள், முளையே இரண்டு இன்ச் கனம் இருக்கும். சதுரத்துக்கு மூலைவிட்டம் என்பது பக்கத்தை 1.4142 ஆல் பெருக்கியது. சைட்டில் கால்குலேட்டர் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்று கீழே போட்டிருக்கிறேன். ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல்.

10 அடி: 14 அடி 1 இன்ச் 6 நூல்
12 அடி: 16 அடி 11 இன்ச் 5 நூல்
15 அடி: 21 அடி 2 இன்ச் 4½ நூல்
20 அடி: 28 அடி 3 இன்ச் 3 நூல்
25 அடி: 35 அடி 4 இன்ச் 2 நூல்
29 அடி 3 இன்ச்: 41 அடி 4 இன்ச் 3 நூல்
30 அடி: 42 அடி 5 இன்ச் 1 நூல்
40 அடி: 56 அடி 6 இன்ச் 6½ நூல்

செவ்வகம் என்றால் நீளத்தின் வர்க்கமும் அகலத்தின் வர்க்கமும் கூட்டி வர்க்கமூலம். 30க்கு 40 போட்டால் சரியாக 50 அடி வரும், மனதிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் மூன்று பொறி இருக்கிறது. முதலாவது, கால்குலேட்டர் 42.43 என்று காட்டினால் அது 42 அடி 43 இன்ச்சும் இல்லை, 42 அடி 4 இன்ச் 3 நூலும் இல்லை. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 12 ஆல் பெருக்கினால்தான் இன்ச். கேட்கச் சாதாரணமாக இருக்கும், வெயிலில் நின்றுகொண்டு போனைப் பார்த்து அளவு கத்தும்போது இது நடக்கும்.

இரண்டாவது, வாட்ஸ்அப்பில் ஒரு பழைய செய்யுள் சுற்றுகிறது, நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளி, அகலத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம், அதாவது மூலைவிட்டம், வந்துவிடும் என்று. பிதாகரஸுக்கு முன்பே தமிழன் என்று கூடவே ஒரு வரி இருக்கும். 3-4க்கும் 5-12க்கும் அது சரியாக வரும். சதுரத்துக்குச் சரிப்படாது. 30 அடிக்கு 41 அடி 3 இன்ச் என்று காட்டும், அதாவது 14 இன்ச் குறைவு. பெருமையை வாட்ஸ்அப்பிலேயே வைத்துக்கொள்வோம், அஸ்திவாரத்துக்கு வேண்டாம்.

மூன்றாவது மேடு பள்ளம். டேப் கிடைமட்டமாக இருக்க வேண்டும். 30 அடிக்கு ஒரு அடி சரிவு என்றால் பிசகு இரண்டு நூலுக்கும் குறைவு, விட்டுவிடலாம். மூன்று அடி சரிவு என்றால் 1¾ இன்ச்சுக்கு மேல் போகும். பள்ளத்துப் பக்கம் முளையை உயரமாக அடித்து, டியூப் மட்டத்தில் நாலு முளைத் தலையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டு அளப்பதுதான் வழி.

7. மூலைவிட்டம் ஒத்துவரவில்லை என்றால்

எல்லா முளையையும் பிடுங்க வேண்டாம். முன்கோட்டின் இரண்டு முளையும் அப்படியே இருக்கட்டும். பின்கோட்டின் இரண்டு முளையையும், அந்தக் கோட்டின் மேலேயே, ஒரே பக்கமாக, ஒரே அளவு நகர்த்த வேண்டும். எந்தப் பக்கம்? எந்த மூலைவிட்டம் நீளமோ அதன் பின்முனை உள்ளே வரும் பக்கம். முன் இடதிலிருந்து பின் வலதுக்குப் போகும் கோடு நீளம் என்றால் இரண்டு முளையும் இடது பக்கம் நகர வேண்டும்.

எவ்வளவு? சதுரத்துக்கு, வித்தியாசத்தில் பத்தில் ஏழு பங்கு. மூலைவிட்டங்களுக்குள் 3 இன்ச் வித்தியாசம் என்றால் 2 இன்ச் 1 நூல் நகர்த்தினால் போதும். நிறைய பேர் மூன்று இன்ச்சையும் நகர்த்திவிட்டு, இப்போது எதிர்ப்பக்கம் நீளம் என்று திரும்ப வருவார்கள். செவ்வகத்துக்கு இந்தப் பங்கு மாறும், கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி அளந்துகொண்டே வாருங்கள். முடிந்ததும் பக்கங்களை இன்னொரு தடவை அளந்துவிடுங்கள். 30 அடிக்குக் கால் இன்ச் வரை வித்தியாசம் இருந்தால் நான் விட்டுவிடுவேன், அரை இன்ச்சுக்கு மேல் என்றால் விட மாட்டேன்.

8. பூஜைக்கு முந்தின நாள்

மார்க்கிங்கை பூஜை நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல நேரம் காலை ஆறு மணிக்கு, சொந்தக்காரர்கள் நிற்கிறார்கள், ஐயர் அவசரப்படுகிறார், ஜேசிபி மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் மீட்டரை ஓட்டிக்கொண்டு நிற்கிறது, அந்த நேரத்தில் "மூலைவிட்டம் ஒரு தடவை பார்க்கலாமா மேஸ்திரி" என்று கேட்க வாய் வராது. முந்தின நாள் காலையில் காற்று கிளம்புவதற்கு முன் செய்துவிடுங்கள், நூல் ஆடாது.

ஜேசிபி இறங்கினால் மூலை முளை ஒன்றுகூட மிஞ்சாது. அதனால் ஒவ்வொரு கோட்டையும் நாலைந்து அடி வெளியே நீட்டி, அங்கே நாலு செங்கல் வைத்துச் சின்னதாகக் கட்டை கட்டி, அதன் மேல் ஆணி பதித்து வைக்கச் சொல்லுங்கள். இதற்கு அரை மூட்டை சிமென்ட்கூட ஆகாது. தோண்டி முடித்த பிறகு ஆணிக்கு ஆணி நூல் கட்டினால் பழைய மூலை தானாக வந்துவிடும். சுண்ணாம்புக் கோட்டை மட்டும் நம்பினால் ஒரு மழைக்கு அது போய்விடும்.

9. திரும்ப எப்போதெல்லாம் அளப்பது

தூணுக்குக் (காலம்) கம்பி நிறுத்தி கான்கிரீட் போடுவதற்கு முன். பிளிந்த் பீம் (சுவருக்கு அடியில் தரைமட்டத்தில் ஓடும் கான்கிரீட் பீம்) மேல்மட்டம் முடிந்ததும், இதுதான் முக்கியம், சமமான தளம் கிடைப்பதால் மிகத் துல்லியமாக அளக்கலாம். பிறகு ஒவ்வொரு அறைக்கும் செங்கல் முதல் வரி வைத்தவுடன், சாந்து காய்வதற்கு முன். அந்த நேரத்தில் செங்கல்லைக் கையால் தள்ளிச் சரிசெய்யலாம், நாலு வரி ஏறிய பிறகு என்றால் உடைப்பது, கூலி, மனஸ்தாபம் எல்லாம் சேர்ந்து வரும். பூச்சு கனத்துக்கு அடையாளமாகச் சுவரில் புள்ளி வைக்கும்போதும் ஒரு தடவை பாருங்கள், அரை இன்ச் வரையிலான கோணலைப் பூச்சு கனத்திலேயே தின்றுவிடலாம்.

10. செலவுக் கணக்கில் சதுரம்

ஒரே சுற்றளவில் அதிக இடம் தரும் நாற்கரம் சதுரம்தான். 120 அடி சுவரில் 30க்கு 30 கட்டினால் 900 சதுர அடி, 20க்கு 40 என்றால் 800, 15க்கு 45 என்றால் 675. காம்பவுண்டுக்கும் இதேதான், ஒரு கிரவுண்டு (2400 சதுர அடி) மனை 40க்கு 60 என்றால் சுற்றுச்சுவர் 200 அடி, 30க்கு 80 என்றால் 220, 20க்கு 120 என்றால் 280. ரன்னிங் அடிக்கு (சுவர் நீளத்தில் ஒரு அடிக்கு) இவ்வளவு என்று கூலி பேசும்போது இது நேராகப் பையைத் தொடும். மனை ஒடுக்கமாக நீளமாக இருந்தால் சதுர அடி விலை குறைவு என்று மகிழ்வதற்கு முன் காம்பவுண்டுச் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

டைல்ஸ் கடையில் "ரெண்டுக்கு ரெண்டு" என்று சொல்வது 600 மில்லிமீட்டர், அதாவது இரண்டடிக்குக் கால் இன்ச்சுக்கு மேல் குறைவு. நாலு டைல் பெட்டி 16 சதுர அடி இல்லை, 15.5 தான். 12க்கு 12 அறைக்கு 144ஐ 16 ஆல் வகுத்து 9 பெட்டி என்று வாங்கினால் சேதாரத்தைக் கணக்கில் எடுக்காமலேயே 4 சதுர அடிக்கு மேல் குறையும். பிறகு போய்க் கேட்டால் அதே பேட்ச் நிறம் கிடைக்காது. அறை கோணலாக இருந்தால் வெட்டு அதிகம், இன்னும் ஒரு பெட்டி சேர்த்து வாங்குங்கள்.

11. கட்டி முடித்த பிறகுதான் கோணல் தெரிந்தது என்றால்

சுவரை இடிக்க வேண்டாம். டைல்ஸ்காரர் வழக்கம்போலச் சுவரோரம் ஒட்டித் தொடங்கட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். வாசற்படிக் கோட்டை அடிக்கோடாக வைத்து, அறை நடுவில் 3-4-5 போட்டு ஒரு குறுக்குக் கோடு எடுத்து, அதிலிருந்து ஒட்டச் சொல்லுங்கள். வெட்டுத் துண்டெல்லாம் கட்டில், பீரோ வரும் சுவர்ப் பக்கம் போகட்டும். டைல்ஸை 45 டிகிரி திருப்பி ஒட்டினால் ஓரத்தில் எல்லாமே முக்கோண வெட்டாக வருவதால் கோணல் அவ்வளவாகக் கண்ணில் படாது, ஆனால் சேதாரமும் கூலியும் கூடும், அதனால் ஹாலுக்கு மட்டும் யோசிக்கலாம்.

மாடுலர் கிச்சன், அலமாரி ஆர்டர் கொடுப்பதற்கு முன் அந்தந்த மூலையில் தரை மட்டத்தில் ஒரு தடவை, மூன்றடி உயரத்தில் ஒரு தடவை 3-4-5 பார்த்து எழுதிக் கொடுங்கள். அளவெடுக்க வருகிறவர் பெரும்பாலும் நீளத்தை மட்டும் குறித்துக்கொண்டு போவார், மேடைக் கல் வந்து இறங்கிய பிறகு சுவரோரம் ஒரு விரல் நுழைகிற இடைவெளியை சிலிக்கான் வைத்து அடைத்துவிட்டுப் போவார்.